நான் வேண்டாமென்ற பரோல்

என் மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போக எனக்குப் பரோல் கிடைத்தது. நான்தான் வேண்டாமென்றேன். கிடைக்கவில்லை என்று மனைவியிடம் பொய் சொன்னேன்!

அப்போது கடலூர்ச் சிறையில் இருந்தேன். வலைத் தகராறில் நான் ஓங்கிய துடுப்பு ஒருவன் உயிரை வாங்கிவிட்டது.

சிதம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்து எங்களுக்கு நாடகம் பழக்கினார். எனக்குக் கிடைத்தது, மகனைப் பறிகொடுத்த தாயின் வேடம். புடவை கட்டியதும் எல்லோரும் விசிலடித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒத்திகையில், இறந்த மகனின் சட்டையை மடித்து வைக்கும் இடம் வந்தபோது... கை ஓடவில்லை. நான் கொன்றவனுக்கும் ஒரு தாய் உண்டே! கோர்ட்டில் அவள் எதிரிலேயே நின்றாள். அவளை நான் நினைத்துப் பார்த்தது அன்றுதான். அழுது தீர்த்தேன்.

அதன்பிறகு எனக்குத் தூக்கம் வந்தது. முன்பு முறைத்துக்கொண்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். சிறைக்குள் சந்தோஷமா என்று கேட்பீர்கள். ஆம், சந்தோஷமாகத்தான் இருந்தேன்!

அரங்கேற்றமும் சடங்கும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

"பொண்ணு சடங்குய்யா, போய்ட்டு வா. வேற ஆள வெச்சி நாடகத்தப் பாத்துக்கலாம்" என்றார் ஜெயிலர்.

வேறு ஆளா? என் வேடத்துக்கா?

மனு போட்டுப் பார்க்க வந்த மனைவி, கம்பி வலைக்கு அப்பாலிருந்து "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஜெயிலர் உட மாட்டேன்னுட்டாரு."

வாய்க்கு வந்தபடி அவரைச் சபித்தாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தத் தாய்க்காகத்தான் போகாமல் இருந்தேன் என்றால் நம்புவீர்களா? நானே பாதிதான் நம்புகிறேன். மீதி... கைதட்டல்!

இன்று விடுதலையாகித் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறேன். யார்மீதும் கை ஓங்குவதில்லை. "ஜெயிலுக்குப் போயி மனுசனா வந்துட்டாரு" என்று மனைவியே பெருமை பேசுகிறாள். நிறைவான வாழ்க்கைதான்; இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும்.

சென்ற மாதம், மகள் படிக்கும் சிதம்பரம் கல்லூரியில் அந்த ஆசிரியை மறுபடியும் அதே நாடகத்தைப் போட்டார், எனக்கு அதே வேடம். ஓய்வு பெற்றுவிட்ட அந்த ஜெயிலரும் பார்க்க வந்திருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி சும்மா விடவில்லை.

"அன்னிக்கி ஒரு நாளு இவுர உட்டிருந்தா இன்னா சார் கொறஞ்சிருக்கும்? எம் பொண்ணு வாசலயே பாத்துட்டு ஒக்காந்திருந்தா."

அவர் என்னைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம்... மகள் பக்கத்தில் நின்றாளே!

"தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க" என்றார் அவர்.

பேருந்தில் திரும்பும்போது மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டாள். "போனா போவுது, அவுர மன்னிச்சிட்டன்."

நல்லதுதான் என்றேன். கடலூர் வரும்வரை உண்மையைச் சொல்லவில்லை... இன்றுவரையிலும்தான்.