துளசி மாடத்தில் நட்ட ஈரக்குச்சி

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். ஊரே சிரித்து முடித்துவிட்டது; இனி மறைக்க ஒன்றுமில்லை.

காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர். கிணற்றில் நல்ல தண்ணீர் கொஞ்சம்தான்; போர் போட்டால் உப்பு. அதனால் தக்காளிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டு, ஈரம் பார்க்கும் குச்சி ஒன்றையும் மண்ணில் நட்டோம். மண் காய்ந்தால் மோட்டார் தானாக ஓடும்; நிலவரம் என் போனுக்கு வரும். மாட்டிவிட்டுப் போனவர் எல்லாம் விளக்கினார். நான் தலையாட்டினேன். செய்தி வானத்திலிருந்து வருகிறது, குச்சி சும்மா அடையாளத்துக்கு என்றே என் புத்திக்குப் பட்டது.

என் மனைவி அப்போதுதான் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேலையை விட்டிருந்தாள். பசை நாற்றத்தில் தினமும் அவளுக்குத் தலைவலி. "இந்தத் தக்காளியும் போச்சுன்னா நான் திரும்பக் கம்பெனி பஸ்தான் ஏறணும், பாத்துக்கோங்க" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, அரிவாளோடு குச்சியையும் பிடுங்கிக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தேன். படுக்க வைக்க மனமில்லாமல் வாசல் துளசி மாடத்து மண்ணில் நிற்க வைத்துக் கற்பூரம் காட்டினேன். மறுநாள் என் மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காக ஆம்பூர் போய்விட்டாள். அன்றைக்கே குச்சியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். சாமியிடம் இருப்பதை உடனே பிடுங்குவதா என்று விட்டேன். அடுத்த நாள் எடுக்கப் போன நேரம் ராகுகாலம். அப்புறம் மறந்தே போனேன்.

அந்த வருஷம் மழையும் தள்ளிப்போனது. தினமும் குளித்துவிட்டுத் துளசிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன். போன் 'ஈரம் போதும்' என்னும். ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய், "விவசாயம்னா இப்படிப் பண்ணணும், காலே நனையாம" என்று நாலு பேருக்குப் பாடம் எடுப்பேன்.

ஆம்பூரிலிருந்து அவள் கூப்பிடுவாள்.

"செடி எப்படிங்க இருக்குது?"

"ஈரம் ஜாஸ்தியாவே இருக்குது."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"அதுக்குத்தானே போன்!"

எட்டாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியவள், வழியில் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் குச்சியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"இது இன்னும் இங்க இன்னா பண்ணுது?"

"பூஜைக்கு வச்சது..."

"அப்போ எட்டு நாளா இந்தத் துளசிக்குத்தான் போன் பாத்துக்கினு இருந்தீங்களா? அங்க தக்காளி சுருண்டு கெடக்குதுங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அதைத்தான் இத்தனை வருஷம் எழுத முடியவில்லை.

குடம் குடமாக ஊற்றியும் நாலு வரிசைதான் பிழைத்தது. அடுத்த மாதம் அவள் கம்பெனி பஸ் ஏறினாள். இன்றும் ஏறுகிறாள். குச்சி இப்போது தோட்டத்தில்தான் இருக்கிறது. நானும் தினமும் போகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போன் தவறாமல் வரும்.

"மண்ணுல விரல் விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"எந்த மண்ணுல?"

கருவி வாங்குகிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். என்மேல் பாவம் பார்த்து, டீக்கடையில் நான் பீற்றிக்கொண்டதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். சாமி மேலோ கருவி மேலோ பழியைப் போட்டும் சொல்லாதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.