சவுக்காரத் தில்லையரும் பொருந்தாத சாதகங்களும்

வெள்ளவத்தைக் குறுக்குத்தெரு ஒன்றின் லொட்ஜில் நெடுங்காலம் குடியிருந்த தில்லைநாதனை, அங்கே சவுக்காரத் தில்லையர் என்றால்தான் தெரியும். காலையில் ஒரு முழுக்கு, கந்தோர் வேலையால் வந்ததும் ஒரு முழுக்கு, படுக்கப்போக முன் இன்னொன்று. வாளியை ஒருவரும் தொடக்கூடாது. சிவப்புக் காபோலிக் சவுக்காரக் கட்டி அவர் கையில் வெல்லமாகக் கரையும். மனுசன் சுத்தக்காரன் என்று லொட்ஜில் மெச்சினார்கள். உண்மையில் அவர் பயந்தாங்கொள்ளி.

பயத்துக்குக் காரணம் இருபது வயதளவில் கண்ணில் பட்டது. ஆணுறுப்பின் நுனிமொட்டைச் சுற்றி, விளிம்பில், குரக்கன் என்கிற கேழ்வரகு மணி போலச் சின்னச்சின்ன முத்துகள், தோலின் நிறத்திலேயே வரிசையாக இருந்தன. நோவில்லை, அரிப்பில்லை. கெட்ட இடங்களுக்குப் போகிறவர்களுக்கு வரும் வியாதி என்று கேள்விப்பட்டிருந்தார். பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு அப்பால் போகாத தனக்கு ஏன் வந்தது என்று யோசித்து, ஊத்தையால், அழுக்கால்தான் என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். அன்று தொடங்கிய தேய்ப்பு. சவுக்காரம் போதாதென்று தரை கழுவும் கிருமிநாசினியையும் தண்ணீரில் கலந்தார். தோல் எரிந்து உரிந்தது. வியாதி முற்றுகிறது என்று இன்னும் பலமாகத் தேய்த்தார். சிரங்குக்காரன் கையைச் சும்மா வைத்திருக்கமாட்டான்.

கலியாணம் பேசி வந்தபோதுதான் சங்கடம். ஒருவர் வீட்டுப் பெண்ணுக்கு வியாதியைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த மட்டில் நல்ல மனுசன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் மறுபேச்சுப் பேசாத காரணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தில்லையர் தன் பிறந்த நேரத்தை மாற்றி எழுதிச் சாதகம் அனுப்பினார். மூன்று இடத்திலும் பொருந்தவில்லை. பாவம், செவ்வாயும் சனியும் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தன.

நாலாவது தடவை, ஊரிலிருந்த அக்கா நாகேஸ்வரி அசல் சாதகத்தைத் தானே கொடுத்துவிட்டாள். பேஷான பொருத்தம். பெண் பாலேஸ்வரி கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் அண்ணன் சிவபாலன் வீட்டில் தங்கினாள். வெள்ளிக்கிழமை எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, என்று நிச்சயமானது. தில்லையருக்கு வயது முப்பத்தாறு. ஒளிக்க இனி ஒரு கிரகமும் மிச்சமில்லை.

வெள்ளவத்தை டொக்டர்மார் எல்லாரும் யாரோ ஒருவருக்குச் சொந்தக்காரர். ஆகவே வியாழக்கிழமை, தன்னை ஒருவரும் அறியாத தெமட்டகொடைக்குப் போய், டொக்டர் பதியுதீனின் டிஸ்பென்சரியில் குந்தினார். டொக்டர் வெளிச்சத்தில் ஒழுங்காகப் பார்த்தார். எத்தனை வருடமாக இருக்கிறது, மாறியதா, பெருகியதா என்று கேட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

"இது நோயில்ல. எத்தனையோ ஆம்புளயளுக்கு ஈக்கிது. ஊத்தயால வாறதுமில்ல, மத்தவங்களுக்குத் தொத்துறதுமில்ல. நீங்க தேச்ச தேய்ப்புதான் இப்ப நோய்."

இளஞ்சூட்டுத் தண்ணீரால், தோலைப் பின்னுக்கு எடுத்து மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும் என்றார். கிருமிநாசினி ஆகவே ஆகாது. நகத்தால் கிள்ளவும் கூடாது. புதிதாக ஏதும் முளைத்தாலோ, புண்ணானாலோ, நொந்தாலோ வந்து காட்ட வேண்டும். எரிந்த தோலுக்கு ஒரு சின்னக் களிம்பு கொடுத்தார். கலியாணம் கட்டலாமா என்று தில்லையர் கேட்டதற்கு, நாளைக்கே கட்டலாம் என்றார். தற்செயலாக அது சரியாகவும் இருந்தது.

வெளியே வந்த தில்லையருக்குக் கால் நிலத்தில் படவில்லை. மருதானைப் பக்கம் திரும்ப வேண்டியவர், தனக்குள் சிரித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். அந்தப் பக்கம் கொலன்னாவையில் புலிகள் தாக்கி எண்ணெய்த் தாங்கிக் குதங்கள் எரிந்து ஒரு வருடமும் ஆகவில்லை. அந்தத் திசையில், அடையாள அட்டையில் வெள்ளவத்தை விலாசத்தோடு, சிரித்துக்கொண்டு நடக்கும் தமிழனைச் சென்றிக் காவலரணில் விடுவார்களா? எதற்கு வந்தாய் என்றார்கள். சும்மா என்றார். அதைவிட மோசமான பதில் அந்த வருடத்தில் இருக்கவில்லை. களிம்பு எதற்கு என்றார்கள். பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சார்ஜன்ட், களிம்புப் பெட்டியிலிருந்த பெயரைப் பார்த்து டொக்டருக்குப் போன் எடுத்தார். வந்தது உண்மை, எதற்கென்று அவர்தான் சொல்ல வேண்டும் என்று டொக்டர் மரியாதையாக மறுத்துவிட்டார். தகவல் அறிந்து சிவபாலனும் பாலேஸ்வரியும் ஓடிவந்து வாசல் வாங்குப் பலகையில் இருந்தார்கள். உள்ளே போட்டால் எப்போது விடுவோம் என்று பொலிசுக்கே தெரியாத காலம். நாளைய எழுத்து என்ன, அடுத்த வருட எழுத்தும் நடக்காது. தில்லையர் கண்ணாடிக்கு அப்பால் அவளைப் பார்த்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வெட்கம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வெட்கம் தோற்றது. தெரிந்த சிங்களத்தில் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. கொன்ஸ்டபிளைத் தேத்தண்ணிக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார். அது நோயில்லை என்று டொக்டர் நிச்சயமாகச் சொன்னாரா என்று மெல்லக் கேட்டார். நிச்சயமாகச் சொன்னார் என்றார் தில்லையர். தொத்தாது என்றும் சொன்னாரா? சொன்னார். சார்ஜன்ட் எழுதத் தொடங்கிய அறிக்கையை மடித்து மேசைக்குள் வைத்தார். பிறகு, அந்த டிஸ்பென்சரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுவிட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மருதானை பஸ்ஸில் சிவபாலன் முன்னால் இருக்க, பாலேஸ்வரி என்ன நடந்தது என்று கேட்டாள். ஒருதரம் சொல்லிப் பழகிய வாய். தில்லையர் ஒளிக்காமல் சொன்னார். சவுக்காரம், டொக்டர் சொன்னது, மாற்றி எழுதிய பிறந்த நேரம், ஒன்றும் விடவில்லை. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு எழுத்து வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றே அவர் எண்ணினார்.

"அப்ப அந்த மூண்டு பேருக்கும் நீங்கள் பொருந்தித்தான் இருந்திருப்பியள்?"

"ஓம், இருக்கும்."

"நல்லகாலம், எனக்கு உங்கட அக்கா அசலை அனுப்பினா" என்றாள். பிறகு, "நாளைக்கு வரேக்க அந்தச் சவுக்காரத்தை லொட்ஜிலயே விட்டிட்டு வாங்கோ" என்றாள்.