டிக்கியில் இருந்த புது டயர்

என் மூத்த பேரன் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இளையவன் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தான். பேத்தி செல்வி பத்தாவதில் கணக்குப் பாடத்தில் பள்ளிக்கே முதல். இதையெல்லாம் ராமாயி அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று, சேலத்தில் மகன் வீட்டில் இருந்த அவரைப் பார்க்கப் பை நிறைய ஆரஞ்சு எடுத்து வைத்திருந்தேன். கிளம்புவதற்குள் முதல் பஸ் கண்டக்டர் வாசலில் வந்து நின்று, "ராமாயக்கா போய்ட்டாங்களாமுங்க" என்றார். அந்தப் பையோடுதான் சாவு வீட்டுக்குப் போனோம்.

டாக்சி ஸ்டாண்டுக்காரர்கள் அக்காவைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். படித்தது ஐந்தாவது என்றாலும் அவரைப் பற்றி எழுத அது போதும்.

எங்கள் மலைக் கிராமம் வாழவந்தியில் கொஞ்சம் காப்பித் தோட்டமும், கணவர் விட்டுப்போன ஒரு பழைய அம்பாசடரும்தான் அக்காவுக்குச் சொத்து. காரை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் நெருக்கினார்கள். அவர் விற்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, டாக்சியாக ஓட்டச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார். அதிலிருந்து இரண்டு குடும்பமும் அந்தக் காரில்தான் பிழைத்தது.

ஒரு மழைக்காலத்துக்கு முன் டயர் நாலும் மொட்டையாகிவிட்டது. மூவரும் சேலத்துக்குப் போனோம். கையில் இருந்த பணத்துக்கு இரண்டு புது டயர் வாங்கலாம், இல்லையென்றால் பழைய டயரில் ரப்பர் ஏற்றியது நாலு வாங்கலாம். எங்கள் வீட்டுக்காரர் நாலுக்கு ஆசைப்பட்டார். "சமவெளிக்குச் சரிங்க தம்பி. நம்ம எறக்கத்துல பிரேக் சூட்டுக்கு ரப்பர் பேத்துக்கிட்டு வந்துட்டா?" என்று அக்கா கேட்டார். கடைக்காரர் நேர்க்கோடு போட்ட புது டயரைத் தட்டிக் காட்டி, "இது நொம்ப நாளு ஓடுமுங்க" என்றார்.

"ஓடறது இருக்கட்டுங்க. நிக்குமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "எங்கூர்ல பாதி வருசம் ரோடு ஈரமுங்க. காப்பித் தோட்டத்துல தண்ணி வடிய வாய்க்கா வெட்டறாப்புல, இதுலயும் தண்ணி போக வழி வேணுமுங்க" என்று சொல்லி, பள்ளம் ஆழமாகவும் குறுக்கு வெட்டு நிறையவும் இருந்த டயராகப் பார்த்துப் பொறுக்கினார். இரண்டையும் பின்னால் மாட்டச் சொன்னார். வாழவந்திச் சேற்றில் முதலில் வழுக்குவது பின் சக்கரம்தான் என்று அவர் பார்த்து வைத்திருந்தார்.

சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். எங்கள் வீட்டுக்காரர் புது டயர் இரண்டுக்கு மட்டும் எலுமிச்சம்பழம் வைத்தார். "புதுசு தானா ஓடிக்குமுங்க தம்பி. பழசுக்குத்தான் சாமி தொணை வேணும், அதுக்கும் வெய்ங்க" என்றார் அக்கா. பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஐப்பசியில் என் மகள் சரசுவுக்கு விடிகாலையில் வலி எடுத்தது. தலைப்பிரசவம். உள்ளூரில் பார்த்த நர்சம்மா, குழந்தை திரும்பாமல் இருக்கிறது, சேலத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். வெளியே நல்ல மழை, மூடுபனி வேறு. வெந்நீர் பிளாஸ்க்கும் துணி மூட்டையுமாக அக்கா துணைக்கு வந்தார். மூட்டையை வைக்க டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே புது டயர் ஒன்று, வெட்டுத் தேயாமல், பளபளவென்று கிடந்தது.

"ஏனுங்க தம்பி, இது என்னுங்க?"

"ஸ்டெப்னிங்க்கா. ஓட்டுனா தேஞ்சு போயிருமேன்னு கழட்டி வெச்சேனுங்க. ஒரு அவசரத்துக்கு ஆகுமுங்கல்ல."

"உங்க மவ வலியில நிக்கறா. இன்னும் எந்த அவசரத்துக்குங்க?"

நம் வீடுகளில் புதுச் சேலை, புதுப் பாத்திரம் எது வந்தாலும் எடுத்துத்தானே வைப்போம். அவரும் அப்படித்தான் செய்திருந்தார். "இப்ப மாத்துனா நேரமாயிருமுங்க்கா" என்றார். எனக்கும் உடனே புறப்பட்டால் போதும் என்றுதான் இருந்தது.

அக்கா சரசுவிடம் போனார். "கண்ணு, வலி எப்படி வருது?"

"விட்டு விட்டுத்தானுங்க பெரியம்மா."

"அப்ப நேரமிருக்குது. மாத்திட்டே போலாம்."

மழையில் அவர் ஜாக்கி போட, அக்கா அவர் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் முதுகு முழுக்க நனைந்தது. "மவளக் கட்டிக் குடுத்துட்டு மாப்பிள்ளையப் பெட்டியில வெச்சுப் பூட்டுனீங்களா தம்பி?" என்றார். அந்த வலியிலும் சரசு சிரித்தாள்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் திரும்பினால், பனிக்குள் சில்வர் ஓக் மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். ஈர இலை மேல் வண்டி கொஞ்சம் இழுத்தது, பின்பக்கம் விலகாமல் நின்றுவிட்டது. மரத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் புகும் இடம்தான். பக்கத்தில் பள்ளம். அக்கா, "நின்னுருச்சுங்கல்ல. ஓரமா வழி இருக்குதான்னு பாருங்க" என்றார். இருந்தது. அன்று சாயங்காலம் பிறந்தவள்தான் செல்வி.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் கார் ஓடியது. டிக்கியில் டயர் கிடந்த கதையை அக்கா ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸ்டாண்டில் எங்கள் வீட்டுக்காரரை ஓட்டியே தீர்த்திருப்பீர்கள். என்னிடம்கூட மறுபடி அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது நான் எழுதுவதும், எங்கள் வீட்டுக்காரரே எழுதச் சொன்னதால்தான். தப்பை அந்த இடத்திலேயே சரிசெய்துவிட்டு, செய்தவன் மானத்தின் மேல் குடை பிடித்து நிற்கும் அந்தக் குணத்தைத்தான் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். மருமகள்களிடம் தினமும் அது எனக்கு வேண்டியிருக்கிறது.

அக்கா மகன் கோபாலுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் இருக்கும் படத்தில் கார் முழுசாக இருக்கிறது, அம்மா பாதிதான் தெரிகிறார். அவர் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி புதுசாக ஒரு படம் போட்டுத் தபாலில் அனுப்பு கண்ணு. அதில் கார் வேண்டாம்.