கொட்டாங்குச்சித் தராசு

அம்மாக்கண்ணு அந்தச் சிறுமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கொட்டாங்குச்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை விதைகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். சடசடவென்று கொட்டுவாள்; நிறுத்துவாள்; திரும்பிப் பார்க்க மாட்டாள். கொட்டகையில் ஒட்டாத பிள்ளை எதுவானாலும் அவள் வைத்தியம் இதுதான். “மூஞ்சியக் காட்டுனா மொறைக்கும், முதுகக் காட்டுனா தானா வரும்லா” என்பாள். மூன்றாம் நாள் அவள் தோளுக்கு மேலாக ஒரு சின்னக் கை நீண்டு விதைக்குள் விரலை விட்டது. அம்மாக்கண்ணு மூச்சுகூட விடவில்லை.

மலாயாவில் ரிங்லெட் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை ஆயா அவள். தாய்மார் வேலைக்கு ஏறியதும் இருபது பிள்ளைகள் அவள் பொறுப்பு. ஆள் கட்டைகுட்டை, குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும். வெற்றிலை கிடைக்காத காலமாதலால் கொய்யா இலையை மென்று, “தூ, இதெல்லாம் ஒரு எலையா” என்று அதையே திட்டிவிட்டு, அடுத்த இலையைக் கிள்ளுவாள். நடக்கத் தெரிந்த பிள்ளையைத் தூக்கவே மாட்டாள்.

ஜப்பான்காரன் காலம் என்றால் மற்றவர்களுக்குப் பசிதான் நினைவுக்கு வரும். அவளிடம் வளர்ந்தவர்களோ தலை நரைத்த பிறகும் வேறொன்றைச் சொல்லி ஏங்குகிறார்கள். பனி இறங்கிய காலையில் வள்ளிக்கிழங்குக் கஞ்சியின் ஆவி, சாக்குச் சட்டையின் ஈர வாடை, “ஒட்டி உக்காருங்க, குளிருக்கு எடம் குடுக்காதீங்க” என்ற அந்த அதட்டல். அந்தக் கதகதப்பு அதன் பிறகு எங்கே கிடைத்தது!

தோளுக்கு மேலே கை நீட்டியவள் சீதா. வயது ஆறு. பேச்சு கிடையாது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அப்பனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். அம்மா செல்லம் வேலைக்குப் போகாவிட்டால் அரிசிச் சீட்டு இல்லை. அதனால் பழைய சேலையைக் கிழித்து மகள் இடுப்பில் கட்டி, மறுமுனையை, கூலியாட்களின் வரிசை வீடான லயத்தின் கதவில் முடிந்துவிட்டுப் போவாள். ஒருநாள் அது அம்மாக்கண்ணுவின் கண்ணில் பட்டுவிட்டது.

“ஆட்டுக்குட்டியாடி கட்டிப் போட்டிருக்க?”

“என்னக்கா பண்ணச் சொல்றீங்க? அவுத்து வுட்டா ஆத்துப் பக்கம் ஓடிடுது.”

அம்மாக்கண்ணு முடிச்சை அவிழ்த்தாள். அப்படித்தான் சீதா கொட்டகைக்கு வந்தாள்.

விதைக்கு வந்தவள் பிள்ளைகளிடம் வரவில்லை. விதையைத் தொட்ட ஏழு வயது இராசம்மாவின் கையை, பல் பதியக் கடித்துவிட்டாள். தாய்மார் கூடிக் கத்தினார்கள். வேலப்பன் கங்காணி வந்தார்.

“இந்தா ஆயா, வர்ற அரிசி போடுற நாள் வரைக்கும்தான். அன்னிக்கு வந்து பாப்பேன். மத்த புள்ளைங்களோட ஒத்துப்போவலைன்னா அது லயத்துலயே கெடக்கட்டும்.”

பத்து நாள் இருந்தது. லயத்தில் கிடப்பதென்றால் மறுபடியும் அந்தச் சேலைக் கயிறுதான்.

அவசரம் யாரை விட்டது? அம்மாக்கண்ணு ஒரு தப்பு செய்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு பெரட்டு. விடியற்காலையில் பெரியவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப்போல, ஒரு பிள்ளை கங்காணியாகித் தகரத்தைத் தட்டும். மற்றவை வரிசையில் நிற்கும். அந்த வரிசை நடுவில் சீதாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தகரம் ஒலித்ததும் பிள்ளை அலறி, விறகு அடுக்குக்குப் பின்னால் புகுந்து, சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

“தப்பு என்னுது” என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னாள் ஆயா. “நமக்குப் புடிச்சதுக்கு அத இழுத்தேன். அதுக்குப் புடிச்சதுக்கு நாம போவல.”

சீதாவுக்குப் பிடித்ததோ கண்முன்னாலேயே இருந்தது. இரண்டு கொட்டாங்குச்சிகளையும் இரு கையில் ஏந்தி, எது கனம் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாள் அம்மாக்கண்ணு அவற்றை ஒரு குச்சியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். சீதா நிறுவைக்காரி, மற்றவர்கள் கொழுந்து கிள்ளி வரும் ஆட்கள். யாரும் தராசைத் தொடக்கூடாது. கொழுந்தை அவள் கையில்தான் கொடுக்க வேண்டும். தட்டு ஆடி ஓயும்வரை அடுத்த ஆள் அசையக்கூடாது.

“இது பேசவே மாட்டேங்குதே ஆயா, எப்டி வெளயாடுறது?” என்று சிணுங்கினாள் இராசம்மா.

“தராசு மட்டும் பேசுதா? அதுகிட்ட நிக்கிறீல்ல?”

முதல் நாள் ஒரே ஒரு பிள்ளை, ஆயா பக்கத்தில். பிறகு இரண்டு, பிறகு நாலு. ஒவ்வொரு நாளும் ஆயா ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். ஏழாம் நாள் இராசம்மா கொழுந்து கொண்டுவரத் தாமதமாகிவிட்டது. சீதா தானாக எழுந்து போய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அன்று அம்மாக்கண்ணு அடுப்படியில் குந்தி அழுதாள்; கேட்டவர்களிடம் புகை என்றாள்.

அரிசி போடும் நாளில் வேலப்பன் கங்காணி வந்தார். பின்னால் செல்லம், கையைப் பிசைந்தபடி. வாசலில் கங்காணியின் கால் ஒரு கணம் தயங்கியது. ஜப்பான்காரன் ஆட்களையெல்லாம் கிழங்கு போட ஏவியதில் தேயிலை காடாகிக் கிடந்த காலம். கொழுந்து நிறுக்கும் வரிசையைப் பார்த்து அவருக்கே இரண்டு வருஷமாகியிருந்தது.

“எங்க, பாப்போம்” என்று நேரே போய், தட்டை ஒரு விரலால் தட்டிவிட்டார். தராசு பேயாட்டம் ஆடியது.

சீதா அவர் மணிக்கட்டைப் பற்றினாள். “ஐயோ, சீதா!” என்றாள் செல்லம். இராசம்மா தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

சீதா கடிக்கவில்லை. பிடித்த பிடியை விடாமல் கங்காணியை இழுத்துக்கொண்டு போய், வரிசையின் கடைசியில், இராசம்மாவுக்குப் பின்னால் நிறுத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். தட்டு ஓய்ந்ததும் முதல் ஆளிடம் கையை நீட்டினாள்.

வரிசை நகர்ந்தது. ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர், வெறுங்கையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வரிசையை விட்டு மட்டும் விலகவில்லை.

அம்மாக்கண்ணு வெளியே போய், பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.