வலது பக்க விளக்கு

புதுக்குடியிருப்பில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அந்த மனிதர், மங்கிய முன்விளக்கைத் தொடுமுன் முகர்ந்து பார்ப்பார். என் பழைய காரின் விளக்கை முகர்ந்ததும் முகம் சிவந்தது.

“பல்லுத் தீட்டிற பேஸ்டையோ பூசினனீங்கள்?”

திட்டிக்கொண்டே வலது விளக்கைத் தேய்த்து, வெயிலில் மங்காதிருக்கக் கிளியர் என்ற நிறமற்ற பூச்சை அடித்தார்.

“மற்றதுக்குக் கிளியர் வேண்டாம் அண்ணை, மினுக்கினால் காணும். விக்கத்தான் போறன்,” என்றேன்.

துணியை எறிந்தார். “ரெண்டு மாசத்தில திரும்ப மங்கும். வாங்கிறவன் றோட்டில நிக்கிற மாட்டைக் காணாமல் அடிச்சுச் சாகட்டும் எண்டோ? காரை எடுங்கோ.”

எனக்குக் கொதித்தது. என் காரை விற்க இவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா? இடது விளக்கை நானே பேஸ்டால் மினுக்கினேன். கார் விலைபோகவில்லை, இடது விளக்கு மறுபடி மஞ்சளாகிவிட்டது.

அவரை நினைத்தால் இன்றும் கோபம்தான் வருகிறது. அவர் தேய்த்த விளக்கின் வெளிச்சத்தில்தான் வீடு திரும்புகிறேன்.