ஆறு நிமிட நடை

தம்பிக்குத் தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் அரிய மரபணு நோய். புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தோம்.

இன்று ஜொகூர் பாருவில் அதற்கான டெஸ்ட். மருத்துவமனை நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும்.

டெஸ்ட் என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? டியூஷன்தானே! ஒரு மாதமாக ஸ்கூடாயில் நாங்கள் குடியிருக்கும் தாமானின் திடலில் தினமும் மாலை அவனை நடக்க வைத்தேன்.

இன்று அவன் நடக்க ஆரம்பித்ததும், "வேகமா நடலா தம்பி!" என்று கத்தினேன்.

"அக்கா, சத்தம் போடாதீங்க. நீங்க பேசுனா டெஸ்ட் செல்லாது," என்றார் தாதி.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாசிர் கூடாங்கிலிருந்து மகனோடு வந்திருந்த அங்கிள் ஒருவர் பக்கத்தில் இருந்தார். "தம்பி நல்லா நடக்கறாரேம்மா. ரொம்ப தூரம் நடந்தா, மருந்து வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு எடுக்க மாட்டாங்க, தெரியும்தானே? என் மகன போன தடவை அப்படித்தான் திருப்பி அனுப்பிட்டாங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி. தம்பி திரும்பும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். பிறகு வேகத்தைக் கூட்டினான்.

தாதி தூரத்தை எழுதிக்கொண்டார். முடிவைப் போனில் சொல்வார்களாம்.

காரில் ஏறியதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எப்படிக்கா நடந்தேன்?" என்றான்.

"சூப்பர்லா," என்றேன்.

தம்பி இன்னும் கொஞ்சம் மோசமாக நடந்திருக்கக் கூடாதா என்று சாமியிடம் கேட்டுக்கொண்டே காரை ஓட்டி வந்தேன். இப்படி வேண்டிக்கொள்ளும் அக்கா நான் ஒருத்திதானா, வேறு யாராவது இருக்கிறீர்களா?