ஒளிச்சு வெச்ச டிரக்கு

அமெரிக்காவுல, இண்டியானா மாநிலத்துல எங்க ஊர்ல மெர்ல் டப்பின்ஸத் தெரியாதவங்க யாருமில்ல. கிடங்குல மூட்டை தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டறவன். "மூட்டைய ஏத்தறது தொழில், கடன ஏத்தறது பொழுதுபோக்கு"ன்னு அவனே சொல்லிச் சிரிப்பான்.

மூணு கிரெடிட் கார்டுலயும் கடன் கழுத்து வரைக்கும் வந்துச்சு. சரி, எல்லாத்தையும் ஒண்ணாக்கிரலாம்னு தன் பிக்கப் டிரக்கோட உரிமைப் பத்திரத்த கடைத்தெரு வட்டிக்கடைக்காரன்கிட்ட அடகு வெச்சு, மூணையும் அடைச்சான். அது வரைக்கும் புத்திசாலிதான். ஆனா காலியான கார்டப் பாத்ததும் யாரோ பொறந்தநாள் பரிசு குடுத்த மாதிரி இருந்துச்சு நம்மாளுக்கு. அடுத்த மாசமே கார்டத் தேய்ச்சு மீன் பிடிக்கற படகு ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டான்.

"கடன அடைச்சதக் கொண்டாட வேணாமா?"ன்னான் பொண்டாட்டி டார்லாகிட்ட. அவ பாத்திரத்தக் கொஞ்சம் சத்தமா கழுவினா.

டிரக்குத் தவணை மூணு நின்னுபோச்சு. தவணை கட்டாதவங்க வண்டியத் தூக்கிட்டுப் போற க்ளின்ட் யாரு? வியாழக்கிழமை பந்து உருட்டற பௌலிங்ல இவன் கூட ஆடறவன்தான். ஆட்டத்துக்கு நடுவுலயே சொல்லிட்டான்.

"டேய் மெர்ல், திங்கக்கிழமை உன் வண்டியத் தூக்கச் சொல்லி காகிதம் வருது. அப்பறம் எங்க பாத்தாலும் தூக்கிருவேன்."

"பாத்தாத்தானே!"

பூட்டின கராஜுக்குள்ள சட்டப்படி க்ளின்ட் கைய வெக்க முடியாது. ஆனா கராஜுல படகுல்ல படுத்திருக்கு! அதனால டிரக்க லுத்தரன் சர்ச்சுக்குப் பின்னால கொண்டு போய் நிறுத்தினான். ஆரஞ்சு கலரு, மூஞ்சில மான் கொம்பு. ஊர்ல அது யாரோட வண்டின்னு தெரியாதது அந்த மானுக்கு மட்டுந்தான். முடிவெட்டற கடைலேர்ந்து பாதிரியார் சம்சாரம் வரைக்கும் அதே பேச்சு.

கொட்டற பனில நடந்தே வேலைக்குப் போனான். மூணாம் நாள் மூக்கு செவந்து வந்தவன டார்லா பிடிச்சுக்கிட்டா.

"மகராசா, அந்த டிரக்கு எதுக்கு?"

"வேலைக்குப் போறதுக்கு."

"எதுல போய்ட்டு வர்றே?"

மெர்ல் கால் பூட்ஸப் பாத்தான். "ஊர்லயே வண்டியக் காப்பாத்த நடக்கற ஒரே முட்டாள் நாந்தான், இல்ல?"

மறுநாளே கிடங்கு ஆளுங்களோட கடன் சங்கத்துல அதிகாரி ஐலீன் அம்மா முன்னாடி போய் உக்காந்தான். அந்தம்மா காகிதத்தையெல்லாம் புரட்டிட்டு கண்ணாடியக் கழட்டினாங்க.

"மிஸ்டர் டப்பின்ஸ், இந்தக் கடன வாங்கறப்ப மொத்தம் எவ்வளவு கட்டணும்னு கேட்டீங்களா?"

"காபி இருக்கான்னு கேட்டேன் மேடம்."

"விக்கறதுக்கு என்ன இருக்கு?"

"மானம் எப்பவோ போயிருச்சு."

"படகு இருக்கே?"

அப்பத்தான் மெர்லுக்கு மொத மொறையா சிரிப்பு நின்னுச்சு. அந்தம்மா விடல. படகு வித்த காச டிரக்குக் கடன்ல போடணும். மிச்சத்துக்கும் கார்டுக் கடனுக்கும் சங்கம் கொறைஞ்ச வட்டில தரும், சம்பளத்துலயே பிடிச்சுக்கும். கார்டு? கத்திரிக்கோல நீட்டினாங்க. அவன் நறுக்கறப்ப முகம் பல்லப் பிடுங்கின மாதிரி இருந்துச்சாம். அங்க வேலை பாக்கற பொண்ணு சொன்னா.

சனிக்கிழமை வரைக்கும் படகுக்கு ஆள் வரல. கடைசில வந்தவன் க்ளின்ட்!

"உன் டிரக்கு சர்ச்சுக்குப் பின்னால நிக்கறது எனக்குத் தெரியாதாடா? நாலு நாளா அதத் தேடற சாக்குல கராஜு ஜன்னல் வழியா இதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்"னான். வாங்கின விலைல கால்வாசி கொறைச்சுக் கேட்டான். மெர்ல் வாயத் தொறந்தான், டார்லா மொறைச்சா, வாய மூடிக்கிட்டான்.

காசு கைமாறுச்சு. திங்கக்கிழமை காலைலயே டிரக்குக் கடன் தீந்தது, புதுக் கடனுக்கு ஈடா பத்திரம் சங்கத்துக்குப் போச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஆரஞ்சு டிரக்கு ஊர் நடுவுல வந்துச்சு, பின்னால படகு. மெர்லே இழுத்துட்டுப் போய் க்ளின்ட் வீட்டு வாசல்ல விட்டான்.

"இழுவைக் கூலி இருபது டாலர் எடு"ன்னான்.

"கூட்டாளிகிட்டயேவாடா?"

"தொழில் தொழில்தான்டா"ன்னு சொல்லி வாங்கிக்கிட்டு, அதையும் கடன்ல கட்டிரலாம்னு நேரா சங்கத்துக்குப் போனான். சங்கம் அதுக்குள்ள பூட்டியிருந்துச்சு.